அடுத்த ஐந்தாண்டின் முதலிடம்

என் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் பார்த்தது நான் இல்லை, எங்கள் பள்ளித் தமிழ் டீச்சர்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்த வாரம். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் காலைப் பேருந்தில் நாங்கள் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தோம். கரியாலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். தமிழ் டீச்சர் மலையிலேயே பிறந்தவர், என்னைவிட இளையவர். அவருடைய அப்பா இன்றும் அங்கே சாமை விதைக்கிறார். கல்யாணமாகிக் கீழே வந்துவிட்டதால் தன் சொந்த ஊருக்கே தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர்.

ஆஸ்திரேலியாவில் நடக்கும் டென்னிஸ் ஆட்டங்கள் ஜனவரியில் நமக்கு விடிவதற்குள் தொடங்கிவிடும். நான் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்த ஓர் இடதுகைக்காரி, முழங்கையில் அறுவை செய்துகொண்டு நெடுநாள் கழித்து ஆட வந்திருந்தாள். மூன்றாவது செட். நான் பதற்றத்தில் எச்சிலை விழுங்கியிருக்கிறேன்.

"அக்கா, கழுத்துல இன்னா ஏறி எறங்குது?" என்றார் தமிழ் டீச்சர்.

"ஏறி எறங்குதா?"

"முழுங்கு பாக்கலாம். தோ, இங்க."

தன் விரலை என் கழுத்தில் வைத்தார். பிறகு நானும் வைத்துப் பார்த்தேன். கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒன்று விரலடியில் நழுவியது. அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதை மறுநாள்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அப்படி நடந்ததே இல்லை.

நான் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதில்லை. திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் ஒரு நாள் டிவி அறையில் எல்லாரும் எழுந்து போனபிறகு தனியாக ஒரு முழு ஆட்டத்தையும் பார்த்தேன். அன்று பிடித்தது. எனக்கு ஆட்டத்தைவிடத் தரவரிசைமேல்தான் பைத்தியம். அதன் கணக்கு அப்படி. ஒருவர் வாங்கும் புள்ளி ஓராண்டுக்குத்தான் அவர் பெயரில் நிற்கும். போன வருடம் இந்த வாரம் கோப்பையை வென்றிருந்தால், இந்த வருடம் இதே வாரம் அந்தப் புள்ளி கழிந்துவிடும். திரும்ப ஜெயித்தால்தான் அதே இடம். யாரும் பழைய பெருமையில் உட்கார்ந்திருக்க முடியாது. இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு, யார் எப்போது மேலே வருவார், யார் சறுக்குவார் என்று எனக்கே ஓர் ஊகம் வளர்ந்தது.

இணையத்தில் தமிழில் டென்னிஸ் பேசும் ஒரு குழு இருக்கிறது. ஒருமுறை, நூறாவது இடத்துக்கும் அப்பால் இருந்த ஒரு சிறுபெண்ணை, இவள் முதலிடத்துக்கு வருவாள் என்று அதில் எழுதிவைத்தேன். வந்துவிட்டாள். பாதி குருட்டு அதிர்ஷ்டம்தான். ஆனாலும் அதன்பிறகு வருடா வருடம் என் பட்டியலுக்காகக் காத்திருந்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து முதல் பத்து இடங்களில் யார் யார் இருப்பார்கள் என்று ஜனவரி முடிவதற்குள் எழுதித் தரவேண்டும். வழக்கமாக ஒரே மூச்சில் எழுதிவிடுவேன். வயது, உயரம், முதல் சர்வீஸ் தவறினால் போடும் இரண்டாவது சர்வீஸ், முழங்கால், தோற்ற மறுவாரம் எப்படி ஆடுகிறார். எல்லாம் எனக்கு அத்துப்படி.

அந்த ஜனவரியில் ஒரு பெயர்கூட நிற்கவில்லை. எழுதுவேன், அடிப்பேன். 'ஐந்து ஆண்டு கழித்து' என்ற தலைப்பைத் தட்டெழுதியதும் கை தானாகக் கழுத்துக்குப் போய்விடும்.

கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்தாயிற்று. அந்த டாக்டர் படத்தைப் பார்த்தபடியே, "பாண்டிச்சேரி போயி ஊசி வச்சு டெஸ்ட் பண்ணிடுங்க. பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா தள்ளிப் போடாதீங்க" என்றார். அதில் எந்தப் பாதியை நம்புவது என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன். பாண்டிச்சேரியில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வரும்போது போன் செய்வோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் என் கணவருக்கும் தமிழ் டீச்சருக்கும் மட்டும்தான் தெரியும். சேலத்தில் படிக்கும் மகளிடம் சொல்லவில்லை. என் கணவர் நெல் அறுக்கும் இயந்திரம் வைத்து ஓட்டுகிறவர். அறுவடைக்காலம். வழக்கமாக ஆளையே வீட்டில் பார்க்க முடியாது. அந்த நாள்களில் மட்டும் காரணமில்லாமல் நடுவில் நடுவில் வந்து நின்றார். தண்ணீர் குடிப்பார். மோட்டாரைப் போடுவார், நிறுத்துவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து, நான் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். இருபது வருடத்தில் அவர் டென்னிஸ் பார்த்து நான் பார்த்ததில்லை.

"இந்தப் பொண்ணு ஜெயிக்குமா?"

"தெரியலீங்க."

"நீதான எல்லாம் சொல்லுவ. அஞ்சு வருஷத்துக்குச் சேத்துச் சொல்லுவ."

"எனக்கு எப்பிடிங்க தெரியும்? நான் இன்னா ஜோசியமா பாக்கறேன்?"

குரல் உயர்ந்துவிட்டது. அவர் காலில் ஒட்டியிருந்த வைக்கோல் தூசியைத் தட்டிக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இது பந்தத் தூக்கிப் போடறப்ப கையி நடுங்குது பாரு" என்றார். உண்மைதான். அந்தப் பெண் அடுத்தடுத்து இரண்டு சர்வீஸைத் தவறவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எழுந்து போய் அரிசி களைந்தேன்.

போன் வந்தது மறுவாரம், பஸ்ஸில். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியிருந்தோம். அங்கே சில வளைவுகளுக்கு அப்புறம் சிக்னல் போய்விடும்.

"மேடம், பாண்டிச்சேரியிலேருந்து பேசறோம். உங்க ரிசல்ட் வந்துடுச்சு. டாக்டர் உங்களை..."

அவ்வளவுதான். திரையைப் பார்த்தேன், ஒரு கோடுகூட இல்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"எறக்கி வுடுங்க" என்றேன் கண்டக்டரிடம்.

"இங்க ஸ்டாப்பிங் இல்லீங்க டீச்சர். காடு இது. அடுத்த வண்டி எப்ப வருமோ."

"பரவால்ல, நிறுத்துங்க."

பஸ் நின்றது. நான் இறங்கித் திரும்பிப் பார்த்தால் தமிழ் டீச்சரும் பையோடு இறங்கிக்கொண்டிருந்தார். படியில் நின்றே கண்டக்டரிடம், "ஸ்கூல் வாசல்ல யாராச்சும் இருந்தா, ரெண்டு பேரும் லேட்டா வரோம்னு எச்.எம்.கிட்ட சொல்லச் சொல்லுங்கண்ணா" என்றார்.

"நீ எதுக்கும்மா எறங்கன?"

"எங்க ஊரு ரோடு. எனக்கு நடக்கறதுக்கு இன்னா?"

வந்த வழியே இறங்கி நடந்தோம். நான் கைப்பேசியைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடாத குறையாகப் போனேன். ஒவ்வொரு வளைவிலும் நின்றேன். தமிழ் டீச்சர் பின்னாலேயே வந்து, "அக்கா, மெதுவாப் போ. உன் லிஸ்ட்டு எழுதிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"சரி, இப்ப யாரு மொதல்ல இருக்கறது?"

அவருக்கு டென்னிஸில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. என்னைப் பேசவைக்கிறார் என்று புரிந்தது. இருந்தாலும் பேசினேன். இப்போது முதலிடத்தில் இருப்பவளுக்கு வரும் மாதங்களில் எத்தனை புள்ளி கழியும், பின்னால் வருகிறவளுக்குக் களிமண் தரையில் கால் வழுக்குகிறது, இன்னொருத்திக்கு வயது பத்தொன்பதுதான், ஆனால் இடுப்பில் கட்டுப்போட்டு ஆடுகிறாள். மூச்சு வாங்க வாங்கப் பேசினேன். ஒரு மரவள்ளி வண்டி எங்களைத் தாண்டிக் கீழே போனது. டிரைவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

"அந்தக் கையி ஆப்ரேசன் பண்ண பொண்ணு?" என்றார் தமிழ் டீச்சர்.

"அவ வரமாட்டா. வயசாயிடுச்சு."

சொல்லிவிட்டு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அதற்குள் மலையடிவாரத்து அணை தெரியும் ஒரு வளைவு வந்தது. கைப்பேசி சிணுங்கியது. தவறிய அழைப்பின் செய்தி. அந்த எண்ணை அழுத்தினேன்.

"டாக்டர் நேர்ல பாக்கணும்னாரு. வீட்டுக்காரரையும் கூட்டிக்கினு வந்துடுங்க."

"இன்னா வந்திருக்குன்னு போன்ல சொல்லக் கூடாதாங்க?"

"எங்களுக்குத் தெரியாதுங்க மேடம்."

வளைவின் கட்டைச் சுவரில் உட்கார்ந்தேன். தமிழ் டீச்சர் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். மேலே போகிற ஜீப் ஒன்றைக் கை காட்டி நிறுத்தினார். அன்று ஒன்பதாம் வகுப்பில் விகிதம் நடத்தினேன். எப்படி நடத்தினேன் என்று சொல்லத் தெரியவில்லை.

பாண்டிச்சேரி டாக்டர் பொறுமையான மனிதர். ஊசியில் எடுத்த சதையை வைத்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். "கேன்சரா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாதி தைராய்டு சுரப்பியை எடுத்துட்டு டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும். பக்கத்துலயே குரல் நரம்பு போகுது. கொஞ்ச நாள் குரல் கம்மலாம்."

"கொஞ்ச நாள்னா?" என்றார் என் கணவர்.

"சிலருக்கு வாரம், சிலருக்கு மாசம். முன்கூட்டிச் சொல்ல முடியாது."

தெரிந்துகொள்ளப் போய், இன்னும் கொஞ்சம் காத்திருப்பை வாங்கிக்கொண்டு வந்தோம். அதுதான் என்னைப் பிய்த்துத் தின்றது. கட்டி இருக்கிறதென்றால் இருக்கட்டும், இல்லையென்றால் இல்லாமல் போகட்டும், யாராவது ஒரு பக்கம் சொல்லித்தொலைக்கட்டும் என்று இருந்தது. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது. குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். வாசலுக்கு ஏன் வந்தேன் என்று தெரியாமல் திரும்பினேன்.

பட்டியலை எழுதியது, கெடு தாண்டியபிறகு, ஆஸ்பத்திரியில்தான். அறுவைக்கு முதல் நாள் சாயங்காலம், வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரி சன்னமாக ஜெபம் செய்துகொண்டிருந்தாள். என் கணவர் டீ வாங்கப் போயிருந்தார். கைப்பேசியை எடுத்துத் தட்டத் தொடங்கினேன். பத்தாவது இடத்திலிருந்து மேலே வந்தேன். இரண்டாவது இடம் வரைக்கும் எல்லாம் என் வழக்கமான கணக்குப்படிதான். முதலிடத்தில் அந்த இடதுகைக்காரியைப் போட்டேன். ஐந்து ஆண்டு கழித்து அவளுக்கு முப்பத்தைந்து தாண்டியிருக்கும். அறுவை செய்த முழங்கை. ஒரு கணக்கும் அவளுக்குத் துணையில்லை. தெரிந்தேதான் போட்டேன். அனுப்பியும் விட்டேன்.

டீயோடு வந்த கணவர் படித்துவிட்டு, "இது நெசமா வருமா?" என்றார்.

"வராதுங்க."

"அப்ப ஏன் போட்ட?"

"போடணும்னு இருந்துச்சு."

அவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீயை ஆற்றத் தொடங்கினார். அது ஏற்கெனவே ஆறித்தான் இருந்தது.

கட்டியில் புற்று இருந்தது. சிறியதுதான், கட்டியின் உறையைத் தாண்டிப் போகவில்லை, முழுசாக எடுத்தாயிற்று என்றார் டாக்டர். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வப்போது ஒரு பரிசோதனை. எழுந்து உட்கார்ந்து குழுவைத் திறந்தபோது அங்கே என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். 'கணக்கு டீச்சருக்குக் கணக்கு மறந்துவிட்டது' என்று ஒருவர். 'இது கணிப்பு இல்லை, பாசம்' என்று இன்னொருவர். அவர் சொன்னது சரி. யாருக்கும் நான் பதில் எழுதவில்லை, பட்டியலை மாற்றவும் இல்லை.

குரல் திரும்பக் கோடை விடுமுறை வரை ஆனது. அதுவரை வகுப்பில் கரும்பலகைதான் பேசியது. பின் வரிசையில் எப்போதும் சலசலக்கிற பிள்ளைகள் என் கிசுகிசுப்பைக் கேட்பதற்காக அமைதியாக இருந்தார்கள். குரல் வந்ததும் பழையபடி சலசலத்தார்கள். மகளிடம் எல்லாம் முடிந்தபிறகு சொன்னேன். அவள் என்னோடு ரொம்ப நாள் சரியாகப் பேசவில்லை.

அந்த இடதுகைக்காரி அந்த ஆண்டு முழுக்கத் தடுமாறினாள். பல போட்டிகளில் முதல் சுற்றிலேயே வெளியே போனாள். புள்ளிகள் கழியக் கழியக் கீழே இறங்கி, இப்போது நான் பக்கத்தைப் பலமுறை தள்ளித்தான் அவள் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இன்னும் ஆடுகிறாள்.

சென்ற மாதம் பரிசோதனைக்காக மறுபடி பாண்டிச்சேரி கிளம்பினோம். அந்த நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் குறைந்துவிடும், சாப்பாடு இறங்காது. உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்றது. லாரிகள் வரிசையாக நின்ற ஓர் ஓட்டலில் என் கணவர் தோசை சொன்னார். நான் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையைத் துடைத்துவிட்டுக் கைப்பேசியை என் பக்கம் நீட்டினார்.

"இதப் பாத்தியா நீ?"

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, ஏதோ ஒரு சின்னப் போட்டியில் ஆடுகிறாள். பார்க்கக்கூட ஆளில்லாத மைதானம். நான் அவள் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

"எங்கேருந்துங்க புடிச்சீங்க?"

"வண்டி ரிப்பேரா நின்னப்ப பாத்துக்கினு இருந்தேன். இது வரும். எழுதி வச்சுக்கோ."

எனக்குக் கோபம்போல ஒன்று வந்தது. கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். பந்தைத் தூக்கிப் போடும்போது முதுகு அதிகமாக வளைகிறது, பேக்ஹேண்ட் அடி மெதுவாகத்தான் வருகிறது.

"இது வராதுங்க. இடுப்பு போயிடும்."

"ஏன் போவும்? அதுங்கப்பன் நல்ல ஒசரம்."

"ஒசரம் இருந்தா ஆச்சா? ரெண்டாவது சர்வீஸப் பாத்தீங்களா?"

"அது கத்துக்கும்."

"எத்தினி பேரு அப்பிடிச் சொல்லிக்கினு..."

கண்டக்டர் வெளியிலிருந்து விசிலடித்தார். என் தட்டில் தோசை முடிந்திருந்தது. என் கணவர் காசு கொடுக்கப் போனார். நான் அந்தப் பெண்ணின் அடுத்த சர்வீஸை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். வலைக்குள் அடித்தாள். ஓடிப்போய் பஸ்ஸில் ஏறி, அதை அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. கைப்பேசியைப் பிடுங்கித் தானே திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்.