பின்பாதி

பயப்படுவதில் நான் சின்னதிலேயே கெட்டிக்காரி. படிப்பை ஏழாம் வகுப்போடு விட்டேன். பயத்தை இன்னும் விடவில்லை. மகன் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினால், இந்நேரம் பாதி வழி தாண்டியிருப்பானா என்று வாசலில் நின்று கணக்குப் போடுகிறவள். அப்படிப்பட்ட நான் ஒரு காலத்தில் ஒன்பது நாள் எங்கள் வீட்டுச் செபமாலையை முன்னின்று நடத்தினேன் என்றால் யாரும் நம்புவதில்லை.

எழுபதுகளில், நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது நடந்தது. அப்பாவுக்குப் பாய்மரத் தோணியில் வேலை. வெங்காயம் ஏற்றிக் கொழும்புக்குப் போய்த் திரும்பும் தோணி. அந்த நவம்பரில் கொழும்பிலிருந்து இரண்டு தோணிகள் சேர்ந்து புறப்பட்டன. நடுவில் காற்று பிடித்துக்கொண்டது. ஒன்று கிழிந்த பாயோடு தூத்துக்குடி வந்து சேர்ந்தது. அப்பா இருந்தது மற்றதில். நடுச்சாமம்வரை அதன் விளக்கைப் பார்த்தோம், விடிந்தபோது காணோம் என்றார்கள் வந்தவர்கள். தோணி முதலாளியின் ஆபீசில், தகவல் வந்தால் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள்.

அம்மா அதைக் கேட்டுவிட்டு வந்து மீன் கழுவ உட்கார்ந்தாள். அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, தலையில் கையை வைத்துக்கொண்டு வந்து அழத் தொடங்கியதும் அரிவாள்மணையை அவள் பக்கம் தள்ளினாள். “அழுகதுக்கு ஆளு வேணும்னா சொல்லி அனுப்புதேன். இப்ப இந்தச் சாளைய ஆஞ்சு குடு.” சித்தி அழுதபடியே அத்தனை மீனையும் ஆய்ந்து கொடுத்துவிட்டு, தன் வீட்டுக்கும் நாலு எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் எங்கள் வீட்டில் செபமாலை. ஒருவர் மந்திரத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லவேண்டும். அப்பா கரையில் இருந்தால் முன்பாதி அப்பாவுக்கு. கடலில் இருந்தால் அம்மாவுக்கு. அக்காவுக்கும் எனக்கும் எப்போதும் பின்பாதிதான். முன்பாதி மாதாவை வாழ்த்துவது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. பின்பாதியில்தான், எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்று வரும். முதலில் மூன்று, பிறகு பத்துப் பத்தாக ஐந்து தரம்; மாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கு ஐம்பத்து மூன்று தடவை வரும்.

அதுவரை எனக்கு அது வெறும் சத்தம். அன்றைக்கு மரணம் என்ற சொல் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். நான் சொன்னால் அது நேரே கடலுக்குப் போய் அப்பாவைத் தேடிப் பிடித்துவிடும் என்று பட்டது. அந்த ஒரு சொல்லை மட்டும் விழுங்கினேன். விழுங்கியதும் அடுத்த பயம் வந்தது. குறைச் செபம் மாதாவிடம் போய்ச் சேருமா? சொன்னால் அப்பாவுக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் செபத்துக்கு ஆபத்து. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அக்கா கண்டுபிடித்துவிட்டாள். “அம்மா, இவ மரணத்த முழுங்குதா.”

செபத்தில் ஒரு சொல் பிசகினாலும் தொடையில் கிள்ளுகிறவள் அம்மா. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கிள்ளு விழவில்லை. திறந்தபோது அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செபமாலையை என் கையில் வைத்தாள்.

“ஏளா, இனிமே நீ முன்ன சொல்லு. நாங்க பின்ன சொல்லுதோம்.”

“இவளுக்குப் பத்து மணி ஒழுங்கா எண்ணத் தெரியாதும்மா” என்றாள் அக்கா.

“பதினொண்ணு சொன்னா மாதா கோவிச்சுக்கிட மாட்டா. நீ பின்பாதியப் பாரு.”

அக்கா சொன்னது சரிதான். என் பத்து சில சமயம் பதினொன்று, சில சமயம் ஒன்பது. நான் முன்பாதியைச் சொல்லி நிறுத்துவேன், அம்மா தொடங்குவாள். உலை கொதிக்கிறது என்று வழக்கமாக ஓட்டமாக ஓட்டுகிறவள், அந்த நாட்களில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். அந்தச் சொல்லையும். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அதைக் கேட்கக் கேட்க எனக்குத் தைரியம் வந்தது. சோறும் இறங்கியது. அக்கா என்னோடு பேசுவதில்லை. பதவிக்கு வந்தால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் மட்டும், அப்பா வருவாங்களா என்று அம்மாவிடம் கேட்டேன்.

“தெரியாதுளா. இப்பவும் கூட இரி, அப்பவும் கூட இரின்னு மாதாட்ட கேக்கோம். இருப்பா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

வருவார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எனக்குக் கோபம்.

ஒரு மத்தியானம் தாடியும் யாரோ கொடுத்த சட்டையுமாக அப்பா வாசலில் வந்து நின்றார். பாய்மரம் முறிந்து, தோணி இழுபட்டு, மன்னார்ப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. அம்மா, “வாங்க, கஞ்சி இருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் செபமாலை அப்பா கைக்குத் திரும்பியது. நான் மறுபடி பின்பாதிக்கு இறங்கினேன். இப்போது என்ன பயம்? அந்தச் சொல்லைத் தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டு அக்காவைப் பெருமையாகப் பார்த்தேன். அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்தபோது அம்மாவுக்குக் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அடுத்த மணிக்கும் அப்படியே. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

“அம்மா முழுங்குதா” என்று அக்காவின் காதில் சொன்னேன்.

அக்கா என் தொடையில் கிள்ளினாள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. அப்பாதான் வந்துவிட்டாரே, இனி என்ன அழுகை என்று நினைத்தேன். ஒன்பது நாள் வீட்டையே நான் தாங்கியதாகவும் நினைப்பு. செபமாலையைக் கையில் வைத்தபோது, பயப்பட ஒன்றுமில்லாத பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு மற்றதை அம்மா தன் பக்கம் எடுத்துக்கொண்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.