ஓரம் வரை அடித்த கவிதைகள்

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திய அப்பா, டைப் அடித்துக் கொடுக்கும் ஸ்டெல்லா அக்கா, இங்கிலீஷில் கவிதை எழுதும் கணக்கு வாத்தியார், ரிப்பன் மாற்றிப் பாவாடையெல்லாம் மையான நான். திண்டிவனம் கோர்ட்டு வாசலில் டைப் அடிப்பவரைத் தாண்டும்போது இன்று அந்த மை வாசனை வந்தது. இன்ஸ்டிடியூட் இருந்த கட்டிடம் இப்போது இல்லை.

வாத்தியாரின் நாற்பது கவிதைகளும் அன்று நாலு மணித் தபாலில் டில்லிக்குப் போனால்தான் புத்தகமாகும். கையெழுத்தில் இருந்தால் வாங்க மாட்டார்கள். மூன்றரைக்கு வந்தவர், அக்கா அடித்து வைத்திருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"வரிய மடக்கித்தானேம்மா எழுதியிருந்தேன்? எல்லாத்தையும் சேத்து அடிச்சிருக்கியே."

"பாதித் தாளு சும்மா கெடந்துது சார். லெட்டர் மாதிரி ஓரம் வரிக்கும் ரொப்பிட்டேன்."

"அவ மேல தப்பில்லீங்க. நான் சொல்லிக் குடுத்தது அப்பிடி" என்றார் அப்பா.

வாத்தியார் சட்டைக்கையை மடித்துக்கொண்டு ஒரு மெஷினில் உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு விரல்தான் ஓடும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த மெஷினில் உட்கார்ந்தாள். வரிகள் பாதியிலேயே திரும்பிக்கொண்டிருந்ததால், ஓரம் நெருங்கினால் அடிக்கும் மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை.

தபாலில் போனது பதினோரு கவிதை.