மாமா போட்ட பைப்

போன ஞாயிற்றுக்கிழமை சுவர் அலமாரியைத் திறந்தேன். என் சர்டிஃபிகேட் ஃபைல் கையோடு வரவில்லை. பலகையோடு ஒட்டியிருந்தது.

பிய்த்தெடுத்ததில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் பாதிதான் மிஞ்சியது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். அப்பா தான் வேலை பார்த்த பல்லடத்துத் தறிக் குடோனில் ஒவ்வொருவரிடமும் நீட்டிக் காட்டிய காகிதம் அது. தலைகீழாக நீட்டினார் என்பது வேறு விஷயம்.

தண்ணீர் எப்படி வந்தது? அதுதான் வெட்கக்கேடு... ஒரு வருடமாக எனக்குத் தெரியும்.

கோவையில் என் சம்பளத்தில் கட்டிய வீடு. அலமாரிக்குப் பின்னால் பாத்ரூம். அந்தச் சுவருக்குள் பைப் பதித்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. குடிவந்த மூன்றாம் மாதமே உள்ளங்கை அளவு ஈரம்.

மாமா தடவிப் பார்த்தார். "புதுச் செவுரு அம்மணி, வேர்க்கும். பரீட்சைக்குப் போறப்ப உனக்கு வேர்க்கலையா?"

பக்கத்து வீட்டுக்கு வந்த பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஜாயின்ட் கசியுதுங்க. நாலு டைல்ஸ் உடைச்சா ஒரு நாள் வேலைங்க. ஏனுங்க, பைப் போட்டது யாருங்க?"

"என்ற தம்பிதானுங்க" என்றாள் அம்மா.

"அப்படீங்களா... அப்ப அவரையே கேட்டுக்குங்க." பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வேறு ஆளைத் தேடலாம் என்றேன். "நாளைக்கு உங்க மாமன் மூஞ்சில எப்படி முழிக்கறது கண்ணு?" என்றாள் அம்மா. சரி என்று நானே பெயின்ட் வாங்கி வந்து ஈரத்தின் மேல் அடித்தேன். படித்தவள்!

ஃபைலையாவது இடம் மாற்றியிருக்கலாமே? மாற்றினால், சுவர் ஒழுகுகிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

நாமெல்லாம் இப்படித்தான் வீடு காக்கிறோம். தண்ணீர் எங்கே போகும் என்று யோசிப்பதில்லை. யார் முகம் வாடும் என்றுதான் யோசிக்கிறோம். தண்ணீருக்கு மாமனும் தெரியாது, மச்சானும் தெரியாது.

அப்பா அந்தப் பாதிக் காகிதத்தை ஃபேனுக்குக் கீழே விரித்து வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"டூப்ளிகேட் வாங்கிக்கலாங்ப்பா."

"வாங்கிக்கலாம். ஆனா நான் காட்டுனது அது இல்லியே கண்ணு."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "இதை மாமன்கிட்டக் காட்டிப்போடாத. மனசு ஒடிஞ்சு போயிருவான்."

வியாழக்கிழமை சுவரை உடைத்துச் சரிசெய்ய ஆள் வருகிறது. யாரென்றா கேட்கிறீர்கள்?

மாமாதான்.