நகராத புள்ளி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடும் ஆள் நான். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, இது நடந்தது புனேயில், நல்ல வெயில் நேரத்தில், என் கணவரே சாட்சி.

ஊருக்கு நடுவே ஒரு குன்று, இங்கே டேக்டி என்பார்கள். அங்கே நடக்க வருகிறவர்களின் போன் போன வழியைப் பெயர் இல்லாமல் வாங்கி, வரைபடத்தில் கோடுகளாக்கிப் பார்ப்பது என் வேலை. அதிகம் பேர் நடக்கும் வழியில் கல்பாதை போடுவார்கள். அந்தக் கோடுகள் எல்லாம் உச்சிக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் அரைவட்டமாக வளைந்தன. ஓடுகிறவர், நாயோடு வருகிறவர், எல்லாரும் கிழக்குப் பக்கமாகவே. போன் இடத்தைத் தவறாகக் காட்டுகிற பிழை என்று வழக்கம்போல நேராக்கிவிட்டேன். அப்புறம்தான் பயம் வந்தது, அங்கே பள்ளம் ஏதாவது இருந்து, என் கோட்டை நம்பிக் கல் பதித்து, யாராவது விழுந்துவிட்டால்?

ஞாயிறு காலை, கணவர் வேலை பார்க்கும் சாகண் கம்பெனிக்கு லீவு என்பதால் அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். பள்ளமும் இல்லை, பாறையும் இல்லை, கணுக்கால் உயரப் புல், அவ்வளவுதான். அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு நடுவே நேராக நடந்து அந்தப் பக்கம் போனேன். புல்லின் ஈரம் காலில் பட்டது வரை நினைவிருக்கிறது. திரும்பினால் அவர் கேட்கிறார்:

“நேராப் போறேன்னு சொல்லிப்போட்டு எதுக்கு இப்படிச் சுத்திப் போற?”

கிண்டல் செய்கிறார் என்று எரிச்சல் வந்தது. நீங்களே நடந்து காட்டுங்கள் என்றேன். நடந்தார், என் கண்ணெதிரே, அரைவட்டமாக.

“நீங்களும்தானுங்க சுத்தி வந்தீங்க.”

சத்தியமாக நேராகத்தான் வந்தேன் என்றார். கீழே கடையில் வாங்கிய போஹா, நம்ம ஊர் அவல் உப்புமாதான், ஆறிப்போகும் வரை அதே சண்டை. வீட்டுக்கு வந்து இருவர் போனையும் பார்த்தால் இரண்டு கோடுகளும் வளைந்திருந்தன.

மறுநாள் வளைவைத் திரும்பச் சேர்த்து, பாதையும் வளைந்தே போகட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி காரணம் கேட்டார். ஜனங்கள் அப்படித்தான் நடக்கிறார்கள் என்றேன், பொய் இல்லையே. பாதையை அப்படியே போட்டார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு, நாளெல்லாம் நகராத போன் நடக்க வந்தவருடையது அல்ல என்று அதன் பதிவை முதலிலேயே அழித்துவிடுவோம். மனசு கேட்காமல் அப்படி அழித்தவற்றை மூலப் பிரதியில் திறந்து பார்த்தேன். வளைவுக்கு உள்ளே, அந்தப் புல்லுக்கு நடுவில், ஒரே ஒரு புள்ளி. இரவும் பகலும் அங்கேயே இருந்திருக்கிறது.

யாரோ தொலைத்த போன் என்கிறார் கணவர். இருக்கட்டும். இப்போதும் மாதாமாதம் அழிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். என் போன் ஒரு ராத்திரி சார்ஜ் போடாவிட்டால் காலையில் அணைந்துவிடுகிறது. அது எட்டு மாதமாக அணையவில்லை.