பாம்புப் பெட்டியின் சூடு

மகன் படிக்கப் போகும்போது உடுப்பு, சோறு அவிக்கிற சட்டி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஜெர்மனியின் தெற்கே இருக்கிற கார்ல்ஸ்ரூஹே நகரத்துக்கு ஏற்றிக்கொண்டு போனான். பாம்பை மட்டும் கெல்சென்கிர்ச்சனில் எங்களோடு விட்டுவிட்டான். மாணவர் விடுதியில் பிராணி வளர்க்க விடமாட்டார்களாம். எங்கள் வீட்டில் மட்டும் யார் விட்டது? பதினாறு வயதில் அவன் அதைக் கொண்டுவந்த அன்று, "ஒண்டு நான் இருக்கவேணும், இல்லாட்டிப் பாம்பு இருக்கவேணும்" என்று சத்தம் போட்டவன் நான். கடைசியில் நானும் இருந்தேன், பாம்பும் இருந்தது.

செம்மஞ்சள் நிறம், விஷமில்லை, சோளப் பாம்பு என்று பெயர். சோளமாவது கீளமாவது, பாம்பென்றால் படையும் நடுங்கும் என்கிறவள் என் மனைவி. மகனுடைய அறை வாசலைத் தாண்டவே மாட்டாள். ஆகவே தண்ணீர் மாற்றுவது, உறைந்த எலியை இளக வைத்துக் கொடுப்பது, கண்ணாடிப் பெட்டியின் இரண்டு பக்கச் சூட்டையும் பார்ப்பது எல்லாம் என் தலையில் விழுந்தன. பகல் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்து இந்த வேலையையும் பார்த்தேன்.

எனக்கும் மகனுக்கும் சண்டை ஒன்றும் இல்லை. கதைபேச்சும் இல்லை. அவன் தொலைபேசி எடுப்பது தாய்க்குத்தான். அது அடிக்கிறபோது தப்பித் தவறி நான் எடுத்தால், "அம்மா நிக்கிறாவோ?" என்பான். நான், "ஓம், குடுக்கிறன்" என்பேன். தகப்பனும் மகனும் கதைத்தது அவ்வளவுதான். ஆனால் அவன் போனபின் அந்த அறையில் எத்தனை தரம் சும்மா போய் நின்றிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. மனைவி கேட்டால், பாம்புக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன் என்பேன்.

குளிர் தொடங்கிய கிழமை, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சூட்டுப் பாய் செத்துவிட்டது. மின்சாரத்தில் சூடாகிற மெல்லிய தகடு அது. படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் என் கைத்தொலைபேசி அடித்தது. அவன்தான். தாய்க்கு அல்ல, எனக்கு.

"அப்பா, அவசரப்பட்டு ஒண்டும் வாங்காதேங்கோ. இப்போதைக்கு அறையைச் சூடாக்கிற ஹைட்ஸுங்கைக் கூட்டி அஞ்சில விடுங்கோ. பாம்பு ரெண்டு கிழமை தாங்கும்."

அடுத்த நாள் பிராணிகளுக்குச் சாமான் விற்கிற கடையில் நின்றபடியே அவனுக்கு எடுத்தேன். அங்கே உள்ளுக்குள் சூடாகிற கல் ஒன்று இருந்தது. பாம்பு வெயில் காய்கிற கல் மாதிரியே அழகாகச் செய்திருந்தார்கள். எனக்கு அது பிடித்துவிட்டது.

"கல்லு வேண்டாம், அப்பா. பாம்புக்குச் சுடுறது உடன விளங்காது. அப்பிடியே கிடந்து வயிறு வெந்துபோகும்."

"அப்ப லைற்?"

"கம்பிக்கூடு போடாட்டி லைற்றில போய்ச் சுத்திக்கொண்டு கிடக்கும். பாய்தான் நல்லது. ஆனா பெட்டியில மூண்டில ஒரு பங்குக்கு மேல சூடாகக் கூடாது. சூடு கூடினா மற்றப் பக்கம் போக இடம் வேணும். சூட்டை அளவில நிப்பாட்டுற தெர்மோஸ்டாட் இல்லாமப் பாயை மாட்டவே கூடாது."

எல்லாம் எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. விளங்காதவன் மாதிரி நடித்தேன். எத்தனை வாட்? பாய் கண்ணாடிக்கு வெளியிலா, உள்ளேயா? வயரைப் பாம்பு கடிக்குமா? நாளுக்கொரு நொண்டிச் சாட்டு. அவன் பொறுமையாகப் பதில் சொன்னான். பதில் முடிந்த பிறகும் வைக்கமாட்டான். விடுதிக் குசினியில் தன் கறிச்சட்டியை யாரோ கரியாக்கியதைச் சொன்னான். ஒருநாள், கணிதச் சோதனையில் கோட்டை விட்டதைச் சொன்னான். "அம்மாட்டை நானே சொல்லுறன். நீங்க சொல்லாதேங்கோ" என்றான். சோதனையை நினைத்து எனக்குக் கவலை வரவில்லை. தாய்க்கு முதல் எனக்குச் சொன்னானே என்று சந்தோஷம்தான் வந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

மனைவி விடுவாளா? "இஞ்சேருங்கோ, என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்குத் தேத்தண்ணி ஆற முதல் ஓம் எண்டுபோட்டுப் போனனீங்கள். பாம்பின்ர பாய்க்கு ரெண்டு கிழமையா யோசிக்கிறியள்."

கடைசியில் பாயை வாங்கினேன். தெர்மோஸ்டாட் இரண்டு வகை இருந்தது. ஒன்று, குமிழைத் திருப்பிச் சூட்டை வைத்தால் அந்த அளவில் நிறுத்துகிற சாதாரணப் பெட்டி. மற்றது இணையத்தோடு சேர்ந்தது. சூடு கூடினாலோ குறைந்தாலோ கைத்தொலைபேசியில் மணி அடிக்கும். மகன் தூரத்தில் இருக்கிறான் என்றதும், கடைக்காரப் பெண் இரண்டாவதைத்தான் எடுத்து நீட்டினாள். அவர் அங்கிருந்தே எல்லாம் பார்க்கலாம், உங்களிடம் கேட்கவே தேவையில்லை என்றாள். நான் குமிழ் வைத்ததை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். மற்றது முடிந்துவிட்டதாம் என்று மகனுக்குப் பொய் சொன்னேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்தது. ஆனால் அன்று பின்னேரம் ஏழு மணிக்கு அவன் எடுத்தான்.

"எவ்வளவு, அப்பா?"

"சூட்டுப் பக்கம் இருபத்தொன்பது. மற்றப் பக்கம் இருபத்துமூண்டு."

பிறகு வேறு கதை. மாரி முழுக்க ஏழு மணி எனக்கென்று இருந்தது. வேலை அட்டவணையில் பின்னேர முறை வந்தால் மற்ற ஓட்டுநர்களிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டேன்.

மாசியில் ஒருநாள் மதியம் வேலை முடிந்து வந்து பார்த்தால், பெட்டியின் கண்ணாடியில் கை வைக்க முடியவில்லை. சூட்டை அளக்கிற சென்சர் வயரைப் பாம்பு நெம்பிக் குளிர்ப் பக்கம் தள்ளியிருந்தது. தெர்மோஸ்டாட் இன்னும் குளிர்தான் என்று நினைத்து, நிறுத்தாமல் பாயைச் சூடாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. பாம்பு தண்ணீர்ச் சட்டிக்குள் சுருண்டு கிடந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதைத் தூக்கி வயிற்றைத் திருப்பிப் பார்த்தேன். காயமில்லை.

மற்றதை வாங்கியிருந்தால், சென்சர் விலகிய கொஞ்ச நேரத்திலேயே அவனுக்கு மணி அடித்திருக்கும். அவனுடைய குரலுக்கு ஆசைப்பட்டு, அவன் என்னை நம்பி விட்டுப்போன உயிரை வேக வைக்கப் பார்த்தேனே, நானும் ஒரு மனிசனா? உடுப்பு மாற்றாமலே கடைக்குப் போய், இணையத்தோடு சேர்ந்ததை வாங்கிவந்தேன்.

சென்சரைப் பாம்பு நெம்பினாலும் நகராதபடி பொருத்திவிட்டு அவனுக்கு எடுத்து, நடந்ததைச் சொன்னேன். "அண்டைக்கே இது கடையில இருந்தது. நான்தான் வாங்கேல்லை" என்றேன்.

"ஏன், அப்பா?"

"சும்மா."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. தன் கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டு, "ஆ, எனக்குக் காட்டுது. இருபத்தொன்பது. இனி ஒவ்வொரு நாளும் உங்களுக்குக் கரைச்சல் தரத் தேவையில்லை" என்றான். நல்ல செய்தியாகத்தான் சொன்னான்.

அதற்குப் பிறகு ஏழு மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. முதல் கிழமை அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அடுத்த கிழமை மேசையில் வைப்பதையும் விட்டேன். பாம்பு சுகமாக இருந்தது. சென்சரைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் அவனுக்கு மணி அடிக்கும், உடனே எனக்கு எடுப்பான். ஒருநாள் பெட்டிக் கதவில் கையும் வைத்தேன். பிறகு என்னை நானே ஏசிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒரு புதன்கிழமை எனக்கு லீவு. அவனுக்கு ஐந்து மணி வரை வகுப்பு என்று தெரிந்தும், நாலேகாலுக்கு எடுத்தேன். அவன் எடுக்கவில்லை. எழுத்தில் பதில் வந்தது:

"வகுப்பில நிக்கிறன், அப்பா. பயப்பிடாதேங்கோ, பெட்டி இருபத்தொன்பது எண்டுதான் காட்டுது."

ஒரு விரலால் எழுதினேன். "பாம்புக்கு எடுக்கேல்லை. உன்ர குரலைக் கேக்காம எனக்கு இருக்க ஏலாமக் கிடக்கு."

அனுப்பிய பிறகுதான், பெற்ற பிள்ளைக்கு இப்படி ஒன்றை ஒருநாளும் சொன்னதில்லை என்று உறைத்தது. வகுப்பு முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. தொலைபேசி அடித்தது. அவன் பின்னால் ஏதோ கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்கோ, அப்பா."

"சாப்பிட்டியோ?" என்றேன். ஓம் என்றான். அதற்குப் பிறகும் அவன் வைக்காமல் நின்றான்.