கிளியர் கோட் மேல் ஒரு பொட்டு

ஃபேனுக்கு நேரான நாற்காலி

அல்லிநகரத்துக் கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குப் பெரிய மரியாதை கிடைத்தது. என் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த முதலாளி பாண்டியண்ணன், "நல்லாப் படிச்ச புள்ள" என்று சொல்லிவிட்டு, பில் போடும் நாற்காலியைத் தன் கையாலேயே துடைத்துக் கொடுத்தார்.

"அண்ணே, நான் சர்வீஸ் பெஞ்சுக்குத்தான் வந்தேன்" என்றேன்.

"அங்கன தூசி, ஸ்க்ரூடிரைவரு, பயலுக பேச்சு. உனக்கு எதுக்குத்தா அதெல்லாம்? இங்கன உக்காரு. ஃபேனுக்கு நேரா இருக்கு."

நான் டிகிரி முடித்தது காற்று வாங்கத்தான் என்பது அன்றுதான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் ஜெயமங்கலத்தில் வயல் வேலைக்குப் போகிறவர்கள். "எம்மக கம்ப்யூட்டர் செய்யிற எடத்துல இருக்கா" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பில் போட்டுக்கொண்டு அதைப் பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு ஒரு வழியைத் தேடிக்கொண்டிருந்தேன். கேபினட் வழியாக அது வந்தது.

கேபினட் என்பது கம்ப்யூட்டரின் உறுப்புகளெல்லாம் உட்கார்ந்திருக்கும் தகரப் பெட்டி. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் சிபியூ. உள்ளே இருக்கும் சின்னச் சிப்புக்குத்தான் அந்தப் பெயர் என்று ஒரு வாடிக்கையாளருக்குப் பொறுமையாக விளக்கினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டு, "சரித்தா, அந்த சிபியூவத் தூக்கி வண்டியில வையி" என்றார். அதன் பிறகு யாருக்கும் நான் விளக்குவதில்லை.

கறுப்பின் அறிவியல்

பையன்கள் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்து வெள்ளை கேபினட், கண்ணாடிக் கதவு, கலர் லைட் என்று கேட்க ஆரம்பித்த காலம். எங்களிடம் இருந்ததெல்லாம் கறுப்பு. "கறுப்புதான்ப்பா சூட்டத் தாங்கும்" என்று அண்ணன் ஒரு புதிய அறிவியலைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். பையன்கள் சிரித்துவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினார்கள்.

"நான் பெயிண்ட் அடிச்சுத் தர்றேன்ண்ணே" என்றேன்.

"டிகிரி முடிச்சுட்டு டப்பாவுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறியா? உங்க அப்பா கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

என் அப்பாவிடம் அவர் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இருந்தாலும் அந்த அக்கறையைப் பாராட்டத்தான் வேண்டும். கடைசியில், எடைக்குப் போடவிருந்த பழைய கேபினட்டுகளையும் பின்பக்கத்துச் சாமான் அறையின் ஒரு மூலையையும் கொடுத்தார். பில் போட ஆள் நிற்காத நேரத்தில் மட்டும் போகலாம்.

பெயிண்ட் அடிப்பது என்றால் ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கி அடிப்பது என்று நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அடிப்பது கடைசி வேலை. முதலில் மதர்போர்டு, கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், ஃபேன் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். எண்ணெய்ப் பசை போகக் கழுவ வேண்டும். தண்ணீர் தொட்டு எமரி ஷீட்டால் தேய்க்க வேண்டும். பள்ளத்தில் பட்டி வைத்து மறுபடி தேய்க்க வேண்டும். பிரைமர் அடித்து மறுபடியும் தேய்க்க வேண்டும். அப்புறம்தான் கலர். அதையும் ஆசைப்பட்டு ஒரே மூச்சில் அடித்தால் வழியும். தூரத்தில் நின்று அடித்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரவென்று நிற்கும். என் முதல் கேபினட்டைத் தடவிப் பார்த்த அண்ணன், "இது டிசைனா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் காற்றும் இந்தத் தொழிலுக்குத் தன்னால் முடிந்ததைச் செய்யும். ஆடியில் ஜன்னல் இடுக்கு வழியாகவே மண்ணைக் கொண்டுவந்து ஈரப் பெயிண்ட்டில் தூவும். சாரல் நாளில் கிளியர் கோட் அடித்தால், அதாவது கலருக்கு மேலே பளபளப்புக்காக அடிக்கும் கடைசிப் பூச்சை அடித்தால், பாலாடை படர்ந்த மாதிரி வெளுத்துப்போகும். வானத்தைப் பார்த்து வேலை செய்யும் பிழைப்பு வேண்டாம் என்றுதான் என்னைப் படிக்கவைத்தார்கள். நான் கம்ப்யூட்டர் கடைக்குள் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்தேன்.

ஒருநாள் ஒரு பக்கப் பலகை சரியாக வந்தது. மெருகேற்றும் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். உள்ளே வந்த அண்ணன் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, பலகைக்கு முன்னால் குனிந்து, தலையை வாரிக்கொண்டு போனார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

ஓடைப்பட்டி ஆர்டர்

ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் தவமணி ஐயாவின் மகன் ரமேஷ், வீட்டு முன்னறையிலேயே கல்யாண வீடியோ எடிட்டிங் ஸ்டுடியோ திறக்கப்போவதாக வந்தார். வெள்ளை கேபினட் வேண்டும், வாசலில் நுழைந்ததும் அது கண்ணில் பட வேண்டும் என்றார்.

"செஞ்சிருவோம்" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பி, "செஞ்சிருவோம்ல?" என்றார்.

அன்றைக்கே பேச்சை முடித்துக்கொண்டேன். இது நன்றாக வந்தால் பின்னறை முழுவதும் எனக்கு. பெயிண்ட் வேலைதான் என் வேலை. கெட்டுப்போனால் பில் நாற்காலி, அதற்குமேல் பேச்சில்லை. "சரித்தா" என்றார் அண்ணன். சரி என்று சொல்லும்போதே நாற்காலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

அந்தக் கேபினட்டில் எனக்குத் தெரிந்த அத்தனையையும் காட்டினேன். பக்கப் பலகையை வெட்டிக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பொருத்தினேன். மதர்போர்டு ஸ்க்ரூ உட்காரும் இடங்களில் மட்டும் பெயிண்ட்டைச் சுரண்டி, எர்த் கிடைக்க வழி விட்டேன். முகப்பில் கம்பெனிப் பெயர் பொறித்த சின்னத் தகடு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, பள்ளத்தைப் பட்டியால் நிரப்பிச் சமமாக்கினேன். முகப்பு ஒரு முட்டை ஓடு போல வந்தது. எதைப் பற்றியும் அத்தனை பெருமைப்பட்டதில்லை.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. கிளியர் கோட் உள்வரை இறுக இரண்டு வாரம் வேண்டும். திறப்பு விழாவோ அந்த வாரமே.

"முகூர்த்தம் குறிச்சாச்சாம்த்தா. தொட்டா ஒட்டுதா?"

"ஒட்டலண்ணே. ஆனா உள்ளுக்குள்ள இன்னும் பச்சைதான்."

"ஒட்டலைல்ல? ஏத்து வண்டியில."

ரமேஷிடம் படித்துப் படித்துச் சொன்னேன். ஈரத்துணி போடக் கூடாது, ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது, எண்ணெய்க் கை படக் கூடாது, சூடான எதையும் மேலே வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்த எச்சரிக்கை எல்லாம் நான் ஆங்கில வீடியோக்களில் கற்றது. அந்த வீடியோக்காரர்கள் யாருடைய வீட்டிலும் புதுச் சாமான் உள்ளே வந்தால் சந்தனம் கரைப்பதில்லை போலும்.

வேனுக்கும் வாரன்டி இல்லை

திறப்பு விழாவுக்கு மறுநாள் காலையில் ரமேஷ் போன் செய்தார். "அக்கா, அம்மா பொட்டு வச்சாக. அது அப்பிடியே புடிச்சிருச்சு. தொடச்சா மஞ்சளா பரவுது."

அண்ணன் கடை வேனை எடுத்தார். வழியெல்லாம் எனக்குத் தைரியம் சொன்னார். "தப்பு அவுக மேலதான். நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கிறேன்."

முகப்பின் நட்டநடுவில் ரூபாய்க் காசு அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். உள்ளே காயாத கிளியர் கோட் இரண்டையும் விரும்பிக் குடித்திருந்தது. ரமேஷ் துடைத்த வழியெல்லாம் மஞ்சள் கோடு. மேல் பலகையில் வட்டமாக ஒரு தழும்பு. தட்டையாக, வசதியாக இருந்ததால் சூடத் தட்டை அதன் மேல் வைத்திருந்தார்கள்.

ரமேஷின் அம்மா முத்துப்பேச்சி அம்மா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, காயாத பெயிண்ட்டு மேல பொட்டு வைக்கலாமா? வாரன்டி போச்சுல்ல?"

"ஏம்ப்பா, உன் வேன் மூஞ்சியில மூணு பொட்டு இருக்கே. அதுக்கு வாரன்டி இருக்கா?"

அண்ணன் வாசலைப் பார்த்தார். வேன் அவருக்கு உதவவில்லை.

"இருங்கம்மா, அக்கா தேச்சு எடுத்துருவாக" என்றார் ரமேஷ். நானும் பையிலிருந்து எமரி ஷீட்டை எடுத்தேன்.

முத்துப்பேச்சி அம்மா குறுக்கே வந்து நின்றுகொண்டார். "தொழில் தொடங்கி ஒரு நா முடியல. அதுக்குள்ள பொட்டழிக்கணுமா? பொட்டழிக்கிறதுன்னா என்னன்னு தெரிஞ்சுதான் பேசுறீகளா? நான் இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல அது நடக்காது."

"இந்த லட்சணத்துல வச்சுக்கிட்டு கஸ்டமர எப்பிடிம்மா உள்ள கூப்பிடுறது?" என்றார் ரமேஷ்.

"அப்ப கஸ்டமர வெளியவே ஒக்கார வையி."

பின்னால் நின்றிருந்த தவமணி ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஆத்தாளும் மகனும் எப்பவோ ஒரு முடிவுக்கு வாங்க. பாண்டி, இத எடுத்துக்கிட்டு வேற பெட்டி குடுத்துரு. கறுப்பே போதும்."

"கறுப்புதான்ய்யா சூட்டத் தாங்கும்" என்றார் அண்ணன், உடனே. என்னிடம் மெதுவாக, "நாளையிலருந்து பில்லு சீட்டுக்கு வந்துரு" என்றார்.

பின்னறை போய்விட்டது. வைத்திருக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்ற ஒரு கறையை எந்த வீடியோவிலும் நான் பார்த்ததில்லை. தண்ணீர் கேட்டுவிட்டு, கொண்டுவரும் வரை அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லை என்பதால்தான் பார்த்தேன். பீரோவில் பொட்டு இருந்தது. ஃபிரிட்ஜிலும் இருந்தது. ஆனால் ஃபிரிட்ஜில் இருந்த பொட்டு கதவில் இல்லை. கம்பெனிப் பெயர்ப் பட்டையின் மேல் இருந்தது. பீரோவிலும் பெயிண்ட்டின் மேல் இல்லை. கைப்பிடிக்கு மேலே இருந்த எவர்சில்வர் தகட்டில் இருந்தது.

"ஏம்மா, எல்லாத்துலயும் தகட்டுலதான் வச்சிருக்கீக. இதுல மட்டும் ஏன் நடுவுல வச்சீக?"

"பளபளன்னு ஒரு எடம் இருந்தா அங்கனதான் வைப்போம். இதுல எங்க இருக்கு? மேலயும் கீழயும் தேடிப் பாத்தேன். மொட்டச் சொவரு மாதிரி இருந்துச்சு. நடுவுல வச்சுப்புட்டேன்."

என் முட்டை ஓடு அவருக்கு மொட்டைச் சுவர். பொட்டு வைப்பதற்கென்றே இருந்த ஒரே இடத்தை நான் பிடுங்கி, பட்டி வைத்து அடைத்து, அதற்குப் பெருமையும் பட்டிருக்கிறேன்.

கேபினட்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில், கார்டு எதுவும் போடாத ஸ்லாட்டுகளை மூடச் சின்னச் சின்ன இரும்புப் பட்டைகள் இருக்கும். அதில் ஒன்றைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து முத்துப்பேச்சி அம்மாவிடம் நீட்டினேன்.

"இதுவும் இந்தப் பெட்டியோட உறுப்புதான்மா. முதல்ல இதுல பொட்டு வைங்க. இத முகப்புல பதிச்சுத் தர்றேன். பொட்ட அழிக்கல. எடம் மாத்துறேன்."

அவர் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "புதுசு வச்ச பெறகுதான் பழசத் தொடணும்."

"ஆமாம்மா."

"இப்பவே பொட்டு வச்சு சாமி அலமாரியில வச்சிருப்பேன். பெட்டி வந்தாத்தான் தருவேன்."

"சரிம்மா."

அண்ணன் என்னைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், மறுபடி வேனைப் பார்த்தார். "ரெண்டு வாரம் குடுங்கய்யா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த இரண்டு வாரம் வந்ததை நான் ஒருபோதும் மறக்க மாட்டேன்.

இடம் மாறியது

முகப்பையும் மேல் பலகையையும் பிரைமர் வரை தேய்த்து மறுபடி அடித்தேன். அடிப்பதற்கு முன்பே, கம்பெனித் தகடு இருந்த பள்ளத்தைத் திறந்து, பட்டையின் அளவுக்கு நீட்டி, உள்ளே சின்னக் காந்தங்களை ஒட்டினேன். "காந்தம் வச்சா ஹார்ட் டிஸ்க் போயிரும்டி" என்று அண்ணன் பதறினார். அந்தக் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது, காந்தத்துக்கு அஞ்சாத எஸ்எஸ்டிதான் என்றேன். விற்றவர் அவர்தான்.

காய வேண்டிய நாளெல்லாம் காய்ந்த பிறகு ஓடைப்பட்டிக்குக் கொண்டுபோனோம். பட்டையின் மடிந்த முனையை மட்டும் அறுத்து, அரத்தால் ராவிவிட்டுப் பதித்தேன். பொட்டு கலையவில்லை. முத்துப்பேச்சி அம்மா பட்டையைத் தள்ளிப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், மறுபடி ஒட்டவைத்துப் பார்த்தார்.

"வெள்ளிக்கு வெள்ளி கழட்டிக் கழுவிக்கிறலாம்ல? இந்த வசதி ஃபிரிட்ஜுல இல்லையே."

தவமணி ஐயா கறுப்புப் பெட்டியை மறந்துவிட்டார். "தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டருக்கும் இப்பிடி ஒண்ணு பண்ணிக் குடுத்துருத்தா" என்றார்.

திரும்பி வரும் வழியில், "அந்த ரூமுல கெடக்குற அட்டப் பெட்டியெல்லாம் நாளைக்கு எடுத்துரச் சொல்றேன்" என்றார் அண்ணன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. மறுநாள் எடுத்தார்கள். பில் போட வேறு ஒருவர் வந்தார்.

இப்போது அண்ணன் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும், "நம்ம கடையில ஆரம்பத்துலருந்தே பொட்டுக்குன்னு தனி எடம் விட்டுத்தான் செய்வோம்" என்கிறார். நான் மறுப்பதில்லை. ராயப்பன்பட்டிக்காரர் ஒருவர் அதே தகட்டில் சிலுவை கேட்டார். கம்பத்துக்காரர் ஒருவர் பிறை கேட்டார். ஒரு கல்லூரிப் பையன் தன் பைக்கின் படத்தைக் கேட்டான். பக்தி அவரவர் விருப்பம், தகடு ஒன்றுதான்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் தங்கைகளுக்கு ஒரு விஷயம். எந்த எமரி ஷீட், எத்தனை கோட், எத்தனை நாள் காய வேண்டும் என்பதெல்லாம் டப்பாவிலும் வீடியோவிலும் கிடைக்கும். அந்தப் பெட்டி போய்ச் சேரும் வீடு அதில் கிடைக்காது. அதனால் ஆர்டர் எடுக்கும்போது என்ன கலர் என்று நான் முதலில் கேட்பதில்லை. "வீட்டுல இத முதல்ல தொடப்போறது யாரு?" என்றுதான் கேட்கிறேன். பெரும்பாலும் "அம்மா" என்கிறார்கள். அப்படியானால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன். அவர் வந்து, கேபினட்டை மேலும் கீழும் பார்த்து, ஓர் இடத்தில் விரலை வைப்பார். அங்கே பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகுதான் எமரி ஷீட்டை எடுக்கிறேன்.