காலில் விழாத கதாநாயகி

1962ஆம் வருடம், மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது நான் கிளாக்கராக இருந்தேன். கொழும்பிலிருந்து மூன்று பேர் கேமராவோடு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அப்பா படுத்த படுக்கையாகிவிட, குடும்பத்தைத் தாங்கும் ஒரு தோட்டத்துப் பெண்ணைப் பற்றிய சின்னப் படம். மொத்தமே பதினைந்து நிமிடம்தான். டைரக்டர் சிங்களவர், தமிழ் தெரியாது. மொழிபெயர்க்கும் வேலையைத் தோட்டத்துத் துரை என்னிடம் ஒப்படைத்திருந்தார்.

நடிக்க ஆள் கேட்டபோது எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தியின் பெயரைச் சொன்னதும் நான்தான். இருபது வயதிருக்கும். அவளுடைய அப்பாவும் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி காலில் பட்டு மூன்று மாதமாக லயத்து வீட்டில் படுத்திருந்தார். அம்மா இல்லை. தங்கை தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தாள். டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் பணம் வேண்டும். இல்லையென்றால் அவளும் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போக வேண்டியதுதான். படம் முடிந்ததும் தருவதாகச் சொன்ன பணம் அதற்குச் சரியாக இருக்கும்.

கடைசிக் காட்சியைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் வைத்திருந்தார்கள். கதைப்படி அவளுடைய கொழுந்து நிறை குறைகிறது. கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவேன் என்கிறார். அதாவது அரைநாள் சம்பளம். அவள் அவர் காலில் விழுந்து கதற வேண்டும். எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையே அந்த வேடத்துக்கு நின்றார். சுற்றி நின்ற பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

"அந்தச் சப்பாத்து தோட்டம் தொறந்த நாள்லருந்து கழுவாததுடி, பாத்து விழு!" என்றாள் ஒருத்தி.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "கொழுந்து ஏன் கொறஞ்சிச்சுன்னு கேளுங்கய்யா" என்றாள்.

கேட்டேன். பசியில் கை ஓடவில்லை என்றார் டைரக்டர். சொன்னேன்.

"பசிச்சாத்தானேங்கய்யா கை வேகமா ஓடும்? அப்படியே கொறஞ்சாலும் பக்கத்து நெரைக்காரங்க ஆளுக்கு ரெண்டு கை அள்ளிப் போட்டுருவாங்க. கால்ல எதுக்கு விழணும்?"

சொல்லிவிட்டுத்தான் கணக்கப்பிள்ளை பக்கத்தில் நிற்பது அவளுக்கு நினைவு வந்தது போலும். நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒருத்தி கூடையில் இன்னொருத்தி கொழுந்து போடுவது தோட்டத்தில் கூடாத காரியம். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

நான் அவளைத் தனியே கூப்பிட்டேன். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். "நடிப்புத்தானேம்மா, ஒரு நிமிஷம் விழுந்துட்டு எந்திரி. தங்கச்சி படிப்ப நெனச்சுப் பாரு."

"அவள நெனச்சுத்தாங்கய்யா சொல்றேன். இந்தப் படத்த அவளும் பாப்பா. கஷ்டம் வந்தா கால்ல விழணும்னு நானே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிருமே. வேற யாரையாச்சும் போட்டுக்கச் சொல்லுங்க. காசு வேணாம்."

சொல்லிவிட்டு இடுப்புச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு கூடையைத் தூக்கிவிட்டாள்.

கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லலாமா என்று யோசித்தேன். மனம் வரவில்லை. அவள் சொன்னதைச் சொன்னபடியே சிங்களத்தில் சொன்னேன். டைரக்டர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து முழுதும் புகைத்தார். பிறகு, "அப்படியென்றால் உண்மையில் நடப்பதையே செய்து காட்டட்டும்" என்றார்.

கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "அப்ப நான் என்ன செய்யணும்?"

தராசைப் பார்த்தபடி நிற்கச் சொன்னார் டைரக்டர்.

"தராசப் பாத்தா இவளுக கை தெரியுமே! அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிறேன். தெனமும் அப்படித்தானே நிக்கிறேன்."

இத்தனை வருடமும் அவருக்குத் தெரியாது என்றே அந்தப் பெண்கள் நம்பியிருந்தார்கள். அப்புறம் எழுந்த சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

காட்சியை ஒரே தடவையில் எடுத்து முடித்தார்கள். கணக்கப்பிள்ளையின் முதுகு, ஒன்றன்பின் ஒன்றாகக் கூடைக்குள் வந்துபோகும் கைகள், நடுவில் கண் கலங்காமல் நேரே பார்த்துக்கொண்டு அவள். பேசிய பணத்தை அன்றைக்கே அவள் கையில் கொடுத்தார் டைரக்டர். தங்கை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள்.

சில மாதம் கழித்துத் தோட்டத்துப் பள்ளியில் ஜன்னல்களை அடைத்துவிட்டு அந்தப் படத்தைக் காட்டினார்கள். அந்த இடம் வந்ததும், "அது என் கை!", "ஏய், அது என் கைடி!" என்று பெண்கள் போட்ட கூச்சலில் வேறெதுவும் காதில் விழவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த தங்கை, திரையை விட்டுவிட்டு அக்காவையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இல்லாதவர்கள் பணிந்துதான் போக வேண்டும் என்று அந்த நாற்பத்தைந்தாம் வயது வரை யோசிக்காமலே நம்பியிருந்தவன் நான்; இன்று யாராவது கஷ்டத்தோடு என் ஆபீஸ் வாசலில் தயங்கி நின்றால், அவர்கள் வாய் திறக்குமுன் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறேன்.